வாத்து இருந்த இடம்

மார்ச் 4

பேரன் கார் பின்கதவில் இருந்த மஞ்சள் வாத்து ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டான். பாதி வந்தது, பாதி பசையாக நின்றுவிட்டது. தூசி வேறு அப்பி, பார்க்கச் சகிக்கவில்லை. ஏன்டா என்றால் "பழசாயிடுச்சு பாட்டி" என்கிறான்.

எனக்காக அவனே ஒட்டியது. சிவப்பாக எந்தக் கார் நின்றாலும் கதவைப் பிடித்து இழுத்துவிடுவேன், இரண்டு தடவை வசவு வாங்கியிருக்கிறேன். "வாத்தைப் பாத்து ஏறு" என்றான். எங்கள் குடும்பத்தில் முதல் கார். வாங்கிய அன்றைக்கு, "இனிமே நீ பஸ்ல நின்னுக்கிட்டு போகவேணாம்" என்றான்.

முன்விளக்கும் உடைந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் நாய் குறுக்கே வந்ததாம்.

மார்ச் 5

தின்னர் டப்பாவும் பிளேடுமாக வந்து நின்றான். பிடுங்கி வைத்தேன். பெயிண்டும் சேர்ந்து உரிந்துவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? "அப்போ நீயே எடு, சீக்கிரம் எடு" என்றான்.

வெந்நீர்த் துணி போட்டு இளக்கினேன். சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் தள்ளித் தள்ளி எடுத்தேன். பிறகு சோப்புத் தண்ணீர். ஒரு கீறல் கிடையாது. என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 6

பசை போய்விட்டது, வாத்து போகவில்லை. வெயிலில் சுற்றிலும் சிவப்பு வெளுத்திருக்கிறது. ஸ்டிக்கர் மறைத்திருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய சிவப்பு. அலகுகூடத் தெரிகிறது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உறையை எடுத்து வந்து வண்டியை மூடினாள்.

மார்ச் 8

தையல் கடை பூட்டியிருந்தது. கேட்டால், மூன்றாம் தேதி சாயங்காலம் ஆளில்லாத ரோட்டில் சைக்கிளில் வீடு திரும்பும்போது தையல்காரரை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் சம்சாரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

"மஞ்சள் வாத்து, மஞ்சள் வாத்துங்கிறாரு பெரியம்மா. போற வண்டிக்குப் பின்னாடி பாத்தாராம். போலீஸ்காரர் சிரிச்சிட்டாரு. மயக்கத்துல உளறுறாருன்னுட்டுப் போயிட்டாரு."

பால் கொண்டு போயிருந்தேன். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மார்ச் 9

அவனைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானே.

மார்ச் 10

பாலிஷ் டப்பா வாங்கி வந்தான்.

"பாட்டி, இதைப் போட்டுத் தேய். உன் கைக்குத்தான் போகும்."

"எது போகணும்?"

நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டே, "நின்னிருந்தா அடிச்சே கொன்னிருப்பாங்க" என்றான்.

"யாருடா அடிக்கிறது? அந்த ரோட்டுல அவரைத் தவிர யாருடா இருந்தா?"

உள்ளேயிருந்து மகள், "அம்மா, தேய்க்கிறதுன்னா தேய், இல்ல உள்ள வா. தெருவுக்கே கேக்குது" என்றாள். அவளுக்கு முதலிலேயே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. இல்ல, எனக்கும் தெரிஞ்சுதான் இருந்ததோ?

தேய்ச்சேன். ஆமா, தேய்ச்சேன். நான் தூக்கி வளர்த்த புள்ள. வாலைத் தேய்ச்சேன், வால் போயிடுச்சு. அதுக்கு மேல கை ஓடல. கை வலிக்குதுன்னேன். வலிக்கவே இல்ல.

மார்ச் 12

தையல்காரர் போய்விட்டார்.

மார்ச் 13

துக்கம் கேட்கப் போனேன். வந்தவர்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள் — பாவம், கடைசியில் புத்தி கலங்கி வாத்து வாத்து என்றாராம். ஒருத்தன் வாயைப் பொத்திச் சிரித்தான். அவர் சம்சாரம் காதில் அது விழுந்தது. என் காதிலும்.

அவன் என் உசிரு. அவனை விட்டா எனக்கு யாரு? ஆனா அந்த மனுஷன் உண்மையைத்தானே சொல்லிட்டுச் செத்தாரு. பைத்தியம்னு பேர் வாங்கிட்டா போகணும்?



மார்ச் 15

பேரன் வேலைக்குப் போயிருந்தான். மகள் கடைக்குப் போனதும், நான் போய்த் தையல்காரர் சம்சாரத்தை அழைத்து வந்தேன். உறையை நானே எடுத்தேன். நல்ல வெயில்.

ரொம்ப நேரம் பார்த்தாள். விரலை வைத்துக் கழுத்து வழியாக அலகு வரைக்கும் போனாள்.

"வால் இல்லையே."

"வாலை நான்தான் தேய்ச்சேன்" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ஸ்டேஷனுக்கு வருவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். உறையை மடித்து வைத்துவிட்டு அவளோடு நடந்தேன்.

ஏப்ரல் 20

மகள் என்னோடு பேசுவதில்லை. வேளாவேளைக்குத் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

இன்றைக்கு அவனைப் பார்க்கப் போனேன். வாசலில் என்ன உறவு என்று கேட்டார்கள், பாட்டி என்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான், இளைத்திருக்கிறான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பான், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவன் கேட்கவில்லை.

"எதுல வந்தே?"

"பஸ்லதான்."

"உக்கார இடம் கெடச்சுதா?"

கிடைத்தது என்றேன். இரண்டு பஸ்ஸிலும் நின்றுதான் போனேன்.