தொக்கே தேறும் வரைக்கும்

இன்று காலை ஜொகூர் பாருவில் ஒரு சீனர் மருந்துக் கடை வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டேன். மேலே கட்டிய கயிற்றில் காய்ந்த தொக்கேகள் தொங்கின. நம் வீட்டுப் பல்லியைப்போல் சின்னதில்லை, முழங்கை நீளத்துக்கு இருக்குமே, அந்தப் பெரிய பல்லிதான். மூங்கில் குச்சியில் விரித்து, வாலைக் குச்சியோடு சுற்றி, இரண்டிரண்டாகக் கட்டியிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகத்தான் விற்பார்களாம். பழைய தோலும் சுக்கும் கலந்தாற்போல் ஒரு வாசனை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "சாக்கிட் அபா?" என்றார். என்ன நோய் என்று கேட்கிறார். நோய் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது. அதை உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. ரெங்கத்துக்குப் பக்கத்தில் நம் தோட்டத்தில் பாதி மரங்களில் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கு அனுப்பினார்கள். நான் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவன். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற வேலை என்னுடையது. வாரத்துக்கு வாரம் கூப்பிட வேண்டிய பெயர்கள் குறைந்தன. ஆட்கள் குடியிருந்த லயத்தில் அடுப்பெரியாத வீடுகள் அதிகமாயின.

நீ என்னைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நமக்குள் சண்டை கிடையாது. நான் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. நீயும் ஒரு குறை சொன்னதில்லை. நல்லதாகவும் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டதற்கு "ம்" என்பாய். நான் ஆபீஸுக்குப் போவேன், வருவேன், சாப்பிடுவேன். குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாய்.

"எல்லாரும் போறாங்க. நானும் ஊருக்குப் போறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏன்?"

"அதான் சொன்னேனே, ஒண்ணும் ஆகலைன்னு."

அது பதிலா, பதில் இல்லையா? அன்று முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸரிடம் பேசினேன். அவருடைய தங்கை குடும்பத்தோடு அடுத்த கப்பலுக்குக் கிளம்புவதாக இருந்தாள். நாகப்பட்டினம் வரைக்கும் உனக்குத் துணை. சரி என்று நீயும் தலையாட்டினாய். நம் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து நானே இறக்கித் துடைத்து வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் காலி லயத்துக்குப் பின்னால் முருங்கைக்கீரை பறிக்கப் போனாய். திரும்பி வரும்போது மடியில் கீரை இல்லை, இடுப்பில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. வாய்ப்பக்கம் கம்பிவலை அடித்த தகரம். கடைசி வீட்டிலிருந்த ஆள் தொக்கே பிடித்து ரெங்கத்துச் சீனர் கடையில் விற்பவன். கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அவனையும் அவசரமாக ரயிலேற்றிவிட்டார்கள். தகரத்தை மறந்தானோ, விட்டுவிட்டானோ, அது அங்கேயே கிடந்திருக்கிறது. உள்ளே இரண்டு இருந்தன. ஒன்று செத்துக் காய்ந்திருந்தது. இன்னொன்றின் தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"தூக்கிப் போடு," என்றேன்.

நீ போடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுப் பல்லி தோளில் விழுந்ததற்கு இரண்டு தரம் தலைமுழுகியவள் நீ. பல்லி சொன்னால் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறவள். அந்த நீ, கைக்குட்டை அகலம் உள்ள ஒரு துணியில் அந்தப் பிராணியை ஏந்தி ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

டிரஸர் வந்து பார்த்தார். இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. கண்கள் உள்ளே போயிருந்தன. வால் விளக்குத்திரி மாதிரி இளைத்துக் கிடந்தது. உரிக்க வேண்டிய பழைய தோல் உரியாமல் விரல்களில் இறுகியிருந்தது.

"இதுக்குக் கொழுப்பெல்லாம் வால்லதான் இருக்கும். அதுவே தீந்துபோச்சு," என்றார் டிரஸர். "பொழைக்காது லா, கிராணி. அப்படியே காட்டுல விட்டுடுங்க."

"தேறட்டும்," என்றாய் நீ. டிரஸருக்கு முன்னால் நீ பேசியதே அதுதான் முதல் தடவை. "இது தேறினதும் நான் கெளம்பறேன்."

இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. இன்றுவரை தீரவில்லை. போக வேண்டும் என்று சொன்னவள் நீ. பெட்டி தயார், துணை தயார். நடுவில் ஒரு பல்லியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அது தேறினால் போகிறேன் என்றால், போவதைத் தள்ளிப்போடுகிறாயா, உறுதிப்படுத்துகிறாயா? டிரஸரும் என்னைத்தான் பார்த்தார். நான் முருங்கைமரத்தைப் பார்த்தேன்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, கப்பல் தள்ளிப்போனது.

முதலில் அது எதையும் தின்னவில்லை. பஞ்சை நனைத்து மூக்கில் ஒரு சொட்டு விடுவாய். நீலமும் சிவப்பும் கலந்த அந்தத் தலை அசையாது. வெகுநேரம் கழித்து நாக்கு வெளியே வந்து சொட்டை நக்கும். காலைவெயிலில் தகரத்தை வைத்து, வெயில் ஏறியதும் நிழலுக்கு மாற்றுவாய். ஈரத்துணியில் காலைச் சுற்றிவைத்து, ஊறிய பழைய தோலை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாய். இரை பிடித்து வருவது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஆபீஸ் வாய்க்கால் ஓரம் புல்லில் குனிந்து வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் துரையின் கார் பக்கத்தில் வந்து நின்றது. துரை என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த தகர டப்பியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? என் சம்சாரம் என்னை விட்டுப் போவதற்காக வெட்டுக்கிளி பிடிக்கிறேன் என்றா?

முட்டையோட்டைக் காயவைத்து இடித்து, அந்தப் பொடியில் வெட்டுக்கிளியைப் புரட்டி நீட்டுவாய். அது உன் யோசனைதான். எலும்புக்கு ஆகும் என்றாய். தினமும் நீட்டுவதும், அது முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் தகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வெட்டுக்கிளியின் கால் ஒரு துடி துடித்தது. அவ்வளவுதான், லபக்கென்று ஒரு சத்தம். நீ என் முழங்கையைப் பிடித்துவிட்டாய். பகல் வெளிச்சத்தில் நீ என்னைத் தொட்டது அப்போதுதான். அது மென்று விழுங்கி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல எடுத்துவிட்டு எழுந்து போனாய்.

அதற்குப் பிறகு அது தின்றுகொண்டே இருந்தது. வெட்டுக்கிளி, கரப்பான், சில்வண்டு எதையும் விடவில்லை. நமக்குப் பேச விஷயம் கிடைத்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு ரெண்டு கரப்பான் தின்னான்," என்பாய். 'அது' எப்போது 'அவன்' ஆனது என்று நான் கவனிக்கவில்லை. "எனக்குச் சோறு?" என்பேன். "அவனே பிடிச்சுத் திங்கறான், நீங்க போட்டுத் திங்கக்கூடாதா?" என்பாய். இப்படியெல்லாம் பேசத் தெரிந்தவளா இரண்டு வருஷம் "ம்" என்றுகொண்டிருந்தாள்?

ஆனால் வாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸிலிருந்து வந்ததும் என் கண் முதலில் அங்கேதான் போகும். வால் திரண்டுகொண்டே வந்தது. திரளத் திரளச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அது முழுசாகத் திரண்டால் நீ கிளம்பிவிடுவாய். இரையைக் குறைக்கலாமே என்று தோன்றாமல் இருக்குமா? தோன்றியது. ஆனால் அப்படித் தோன்றிய நாட்களில்தான் டப்பி நிறையப் பிடித்து வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? தெரியவில்லை. நீ சந்தோஷப்படுவதைப் பார்க்கவா? நீ போவதைத் தடுக்கவில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளவா?

அவன் என்னைக் கடித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். தகரத்தைத் துடைக்கக் கை விட்டேன். கட்டைவிரலைக் கவ்வியவன் விடவில்லை. கையை உதறினால் அவனும் சேர்ந்து ஆடினான். அலறல் கேட்டு டிரஸர் ஓடிவந்து, கத்தி கொண்டு வாயை நெம்பலாம் என்றார்.

"வேண்டாம், வேண்டாம். அவன் வாய் பிஞ்சிடும்," என்றாய்.

"அப்ப என் விரல்?"

"விரல் தேறிடும்."

டிரஸர் சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய். நான் ஒரு கையில் தொக்கேயைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற கோலம் அப்படி. வாளித் தண்ணீரில் கையோடு அவனை முக்கினோம். மூச்சுக்கு வாயைத் திறந்து என்னை விட்டான். நீ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணில் நீர் வழிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தது. "என்ன?" என்றேன். "விரல் வலிக்குதா?" என்று திருப்பிக் கேட்டாய்.

சில நாளில் விளக்கேற்றும் நேரத்தில் அவன் கத்தினான். முதலில் தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு கொக்கரிப்பு. பிறகு வீடே அதிர, தொக்கே, தொக்கே என்று. அந்த வழியாகப் போன யாரோ, "கடைத் தவுக்கேயைக் கூப்பிடுறான் பாரு!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். சீனர் கடை முதலாளிக்குத் தோட்டத்தில் தவுக்கே என்றுதானே பெயர். நீ தீக்குச்சியோடு நின்றாய். குச்சி விரல்வரை எரிந்ததும் உதறினாய்.

"தேறிட்டான்," என்றாய்.

"ஆமா," என்றேன்.

உன் முகத்தில் இருந்தது என்னவென்று இப்போது கண்ணை மூடிப் பார்த்தாலும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

கப்பல் நாளும் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கம்பிவலையைப் பிரித்து, பலாமரத்தடியில் தகரத்தைச் சாய்த்து வைத்தாய். அவன் உடனே போகவில்லை. நாம் எதிரும் புதிருமாகக் குந்தியிருந்தோம். அவன் மெல்ல வெளியே வந்து, மரத்தில் ஒட்டிக்கொண்டு, விறுவிறுவென்று ஏறி மறைந்தான்.

காலையில் ரெங்கம் ஸ்டேஷனில் உன்னை டிரஸரின் தங்கையோடு ஏற்றிவிட்டேன். பெட்டியை உள்ளே தள்ளிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நீ சொன்னது இதுதான்:

"கரப்பான் டப்பா அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. தொறந்து விட்டுடுங்க."

ரயில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்துவிட்டேன். அவை நாலாபக்கமும் ஓடின. ஆபீஸுக்குப் போகவில்லை. சமைக்கவும் இல்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தோட்டத்துக்குள் வரும் சடக்கில் யாரோ நடந்து வருவது தெரிந்தது. கையில் ஒன்றும் இல்லை. சேலை முழங்கால்வரை நனைந்து செம்மண் ஏறியிருந்தது. நீதான்.

"பெட்டி எங்க?" என்றேன். எதற்கு அதைக் கேட்டேனோ!

"அது போயிடுச்சு."

"நீ?"

"அடுப்பு பத்த வச்சீங்களா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாய்.

வழியில் குளுவாங் ஸ்டேஷனில் இறங்கி, எதிர்வண்டியில் ஏறித் திரும்பியிருக்கிறாய். பெட்டி மட்டும் கடல் தாண்டி உன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டி வந்துவிட்டது, தங்கச்சி எங்கே என்று அந்த மனுஷர் பதறியதைத் தீர்க்க நமக்கு மாதங்கள் பிடித்தன. அப்போதும் நீ காரணம் சொல்லவில்லை. நானும் அன்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடி ஸ்டேஷனுக்குப் போய்விடுவாயோ என்று இருந்தது.

பிறகு கேட்டேன். தோட்டத்தில் இருந்தபோது ஒருமுறை கேட்டதற்கு, "குளுவாங்ல வண்டி நின்னுச்சு, எறங்கினேன்," என்றாய். வண்டி நின்றால் எல்லாரும் இறங்கிவிடுகிறார்களா? இன்னொரு தீபாவளிக்குக் கேட்டதற்கு, "பசி. டிரஸர் தங்கச்சி கட்டிட்டு வந்த புளிச்சோறு ஊசிப்போச்சு," என்றாய். எனக்கு வேலை போய், நாம் ஜொகூர் பாருவுக்கு வந்த பிறகு ஒருநாள், நான் கேட்காமல் நீயே சொன்னாய்:

"குளுவாங்ல நல்ல மழை. இந்த மழையில அவன் எங்க ஒதுங்குவான்னு நெனச்சேன்."

"எவன், தொக்கேயா?"

"பின்ன? யாருன்னு நெனச்சீங்க?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது.

கடைசியாகக் காய்ச்சலில் கிடந்தபோது நீ என்னைக் கேட்டாய். ஆஸ்பத்திரியில், பகல் நேரம். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நீங்க ஏன் என்னைப் போகாதேன்னு சொல்லல?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "நீதானே போகணும்னு சொன்ன?"

என்னைப் பார்த்தாய். "ஆமா, சொன்னேன்," என்றாய். பிறகு வாயைத் திறந்து கஞ்சி கேட்டாய். நான் ஊட்டினேன்.

அந்த இரண்டு வருஷமும் நீயும் என்னைப்போலத்தான் ஒன்றும் விளங்காமல் இருந்தாயா? நான் உன் முகத்தைப் பார்த்துக் குழம்பியதுபோல நீ என் முகத்தைப் பார்த்துக் குழம்பினாயா? கேட்டிருக்கலாம். ஆனால் நீ கஞ்சி குடிப்பதைப் பார்த்ததே எனக்குப் போதுமென்று இருந்தது. அடுத்த வாரம் நீ இல்லை.

என்னிடம் இப்போது இருப்பது நீ சொன்ன அந்தப் பதில்கள்தான். எது நிஜம் என்று தெரியாததால் எதையும் தூக்கிப் போடவில்லை. தனியே சாப்பிட உட்காரும்போது பசி என்பதை நம்புகிறேன். ஒன்றுமே பிடிபடாத நாளில், வண்டி நின்றது, இறங்கினாய், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இங்கே மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்குக் கொட்டுகிறது. அதனால் இன்றைக்கு மழை என்பதை வைத்துக்கொள்கிறேன். வெயில் வந்தால் வேறு பார்த்துக்கொள்ளலாம்.