கடிலாக் தேறிய நாள்

வெள்ளி, மே 15. வைலே, டென்மார்க்.

நித்திரை வரவில்லை. தொழிற்சாலை வேலை முடிந்த மாலைகளில் மூன்று வருடமாக நானே கழற்றிப் பூட்டிய பழைய அமெரிக்கக் கார், கடிலாக், இன்று வாகனப் பரிசோதனையில் தேறிவிட்டது. தேறாவிட்டால் விற்றுவிடுவதாக என் கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

பரிசோதகர் காரின் அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்த அரை மணி நேரமும் நான் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில், பிரேக்கை யார் திருத்தியது என்று கேட்டார். நான்தான் என்றேன். கை குலுக்கினார்.

வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தேன். என் கணவர் வந்து, காரின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் இரண்டு சிறகுகளையும் தடவினார்.

"இதென்னத்துக்கு?"

"அந்தக் காலத்து அமெரிக்கருக்கு விமானத்திலை ஆசை. அதுதான் காருக்கும் சிறகு வைச்சவை."

"இதிலை கோயிலுக்குப் போனால் சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். ஏறுங்கோ."

கடலோரப் பாதையில் ஓட்டினேன். முதலில் கதவை இறுக்கிப் பிடித்திருந்தவர், மெல்ல மெல்லக் கையை விட்டு, சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு பாலத்துக்குக் கீழே நிறுத்தியபோது சொன்னார்:

"விக்காதை. திரும்பிப் போகேக்கை நான் ஓட்டட்டே?"

இன்றைக்கு இல்லை என்றேன். சிரித்தார். ஆனாலும் கார்த் திறப்பை என் தலையணைக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன்.