நம் வீதிக்கு விசாரிக்க வந்தவர்

என் அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகும் இந்த வீதியில் உங்கள் பேச்சுதான் செல்லுபடியாகிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அழுகையும் வருகிறது, உங்கள் மேல் கோபமும் வருகிறது.

முதலில் கெட்ட சேதி. என் வேலை போய்விட்டது. டேப்ரெக்கார்டர் பாகங்களைப் பற்றவைக்கும் அந்தக் கம்பெனியை, ஏதோ உங்கள் பங்கு இருப்பது போல, "நம்ம கம்பெனி" என்பீர்களே, அதை மூடிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு தொங்குகிறது. வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்துவிட்டது, நம் சாமானை யார் வாங்குவார்கள் என்றார் வாட்ச்மேன். சாப்பாட்டு டப்பாவோடு அப்படியே வீட்டுக்கு வந்தேன். அம்மா டப்பாவை வாங்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சேதி கேட்டு கௌதள்ளி ஊரிலிருந்து மாமா வந்தார். "பொட்டப்புள்ள சம்பாத்தியம் எத்தன நாளைக்குங்கக்கா? வீட்டக் காலி பண்ணிப்போட்டு நம்மூட்டுக்கே வந்துருங்க," என்றார். அவர் நல்லவர்தான். ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்து நாங்கள் சாப்பிட வேண்டுமே. நீங்கள் மண்டியில் மூட்டை தூக்கிய காசில் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறை இது. உடம்பு முடியாமல் கிடந்தபோதுகூட "இந்த ஊட்ட மட்டும் உட்றாத கண்ணு" என்றுதானே சொன்னீர்கள்? அடுத்த வேலை கிடைக்கும்வரை எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்று நின்றேன்.

வேலை போனவர்களுக்கு அரசாங்கத்தில் ஏதோ உதவித்தொகை தருகிறார்களாம். தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் நம் வீதிக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. மூலைக்கடையில் நின்று, நம் வீட்டைக் காட்டி, அந்த வீட்டுப் பெண் எப்படி, வேலைக்குப் போகிறதா என்று கடைக்கார நஞ்சுண்டண்ணாவிடம் விசாரித்திருக்கிறார். தான் யாரென்று சொல்லவில்லை, அண்ணாவும் கேட்கவில்லை. பெண் இருக்கிற வீட்டைப் பற்றிக் கடையில் வந்து கேட்பவர் வேறு யாராக இருக்க முடியும்? எதிர்வீட்டு பார்வதியக்கா அவரை உட்காரவைத்துக் காப்பியே கொடுத்துவிட்டார்.

அவர் போனதும் நஞ்சுண்டண்ணா ஓடி வந்தார். "மாப்பிள வீட்டுக்காரரு வந்திருந்தாரு சரோஜா! பொண்ணு தங்கம்னு சொன்னேன். பர்மனென்ட் வேல, கல்யாணம் ஆனாலும் விடமாட்டாள்னு சொல்லிட்டேன்!"

"கம்பெனி மூடினது உங்களுக்குத் தெரியுமேண்ணா?"

"தெரியாம என்ன? அத போயி மாப்பிள வீட்டுல சொல்லுவாங்களா? உங்கப்பா எங்கிட்ட எத்தன வாட்டி சொல்லியிருக்காரு!"

ஆமாம் அப்பா, நீங்கள் சொல்லி வைத்ததுதான். மூட்டை இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் அந்தக் கடையில் நின்று, "எம் பொண்ணப் பத்தி ஆராச்சும் கேட்டு வந்தா நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க சாமி" என்பீர்களாம். நீங்கள் இருந்தவரை ஒருவரும் கேட்டு வரவில்லை. அந்த நாலு வார்த்தையை அவர்கள் அப்படியே பத்திரமாக வைத்திருந்தார்கள்.

உங்களிடம் மறைப்பானேன்? நானும் நம்பினேன். அம்மா தன் கூறைப்புடவையை எடுத்து வெயிலில் உலர்த்தினார். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று என்னென்னவோ முணுமுணுத்தார். கண்ணாடியில் என் முகம் எனக்கே கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது.

தாலுகா ஆபீஸிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். வேலையில் இருப்பதாக வீதியே சொல்கிறது, உனக்கு எதற்கம்மா உதவித்தொகை என்று இந்த ஊர்க் கன்னடத்தில் கேட்டார் குமாஸ்தா. அடுத்த மேஜையில் அந்தத் தோல் பை இருந்தது. பக்கத்தில் அவரும் இருந்தார்; விசாரிக்க வந்தது இந்த ஆபீஸ் அதிகாரிதான். எனக்கு முதலில் கை தலைக்குத்தான் போனது. பூவைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். வீடும் போயிற்று, வந்த வரனும் போயிற்று என்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் அப்பா. உங்களையும் நன்றாகத் திட்டினேன்.

விஷயத்தைக் கேட்டதும் நஞ்சுண்டண்ணா வியாபார நேரத்தில் கடையை இழுத்து மூடினார். பார்வதியக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூவரும் அந்த அதிகாரியின் முன்னால் போய் நின்றோம்.

"அன்னிக்கு சொன்னது பொய் சார்," என்றார் அண்ணா. "பொண்ணுக்கு வேல இல்ல. அப்பா இல்ல. கேட்டு வர்றதுக்கும் யாரும் இல்ல." "நீங்க மாப்பிள வீட்டுக்காரருன்னு நினைச்சுட்டோங்க," என்று அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அத்தனையும் உண்மைதான். ஆனால் உண்மையை நம் மனிதர்கள் வாயால் கேட்பது எவ்வளவு கஷ்டம்! அந்த அதிகாரி பேனாவை மூடினார். தனக்கும் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். பிறகு பழைய அறிக்கையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பணம் வரும் என்கிறார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது அண்ணாவிடம் சொன்னேன்: "இனிமே யார் வந்து கேட்டாலும் உள்ளதையே சொல்லிடுங்கண்ணா."

அவர் கடைக்கதவைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "அது ஆகாது சரோஜா. சொல்லச் சொன்னவரு உங்கப்பா. வேண்டாம்னும் அவரே வந்து சொல்லட்டும்."

நீங்கள் வரப்போவதில்லை. அவரும் நிறுத்தப்போவதில்லை. அதனால் அப்பா, நான்தான் வேலை தேடிப்பிடிக்க வேண்டும். இந்த வீட்டைக் காலி செய்ய மாட்டேன். அடுத்த முறை யார் வந்து விசாரித்தாலும், நஞ்சுண்டண்ணா சொல்வது பொய்யாக இருக்காது.

நாலு நல்ல வார்த்தைக்கு நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்த
உங்கள் கண்ணு,
சரோஜா