ஏரிக்கரைச் சாலையில் ஓடி வந்தேன்

என் அன்பே,

குடியை விட நீ தங்கியிருக்கும் இல்லத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இமையில் உறைந்த பனி உருகித் தாளில் சொட்டுகிறது. எழுத்து கலைந்திருந்தால் அழுதேன் என்று நினைத்துவிடாதே.

பனிப்புயலால் நம் டுலூத் நகரில் இன்று பேருந்து ஓடவில்லை. நம் காரைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதனால் ஏரிக்கரைச் சாலையில் ஓடியே வந்தேன். எதிர்க்காற்று கன்னத்தை அறுத்தது. பாதி வழியில் நம் பக்கத்து வீட்டு டோய்வோ, தன் பனி தள்ளும் வண்டியை நிறுத்தினார்.

"உனக்கென்ன பைத்தியமா? ஏறு, வீட்டுல விட்டுடறேன்."

"வீட்டுக்கு இல்ல. என் புருஷனைப் பார்க்கப் போறேன்."

"காரை மரத்துல மோதின குடிகாரனுக்காகவா இப்படி ஓடறே?"

"எனக்காக ஓடறேன். வழியை விடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். பாலம் வரை எனக்கு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டே போனார்.

இங்கே வந்ததும், வரவேற்பில் இருக்கும் வெர்னா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "குடியை நிறுத்தி நல்லாத்தான் இருக்காரு. ஆனா உங்க முகத்துல முழிக்க வெட்கமா இருக்காம். மாடியிலேருந்து இறங்கி வர மாட்டேங்கறாரு."

வெட்கப்படு, நான் தடுக்கவில்லை. அன்று கார் மோதியதில் பட்ட என் நெற்றிக் காயம் ஆறிவிட்டது. அதை நீயே பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன். சொல்லிக் கேட்டால் நீ நம்பமாட்டாய்.

கால் விறைப்பதற்குள் கிளம்புகிறேன். அடுத்த ஞாயிறும் வருவேன். அன்று பேருந்து ஓடினாலும் ஓடித்தான் வருவேன். நீ இறங்கி வரும்வரை வருவேன்.

இப்படிக்கு,
உன் மனைவி