கணினிக்குள் உங்கள் நடை

அண்ணை,

இன்று காலை ஆய்வுக்கூட அலுமாரியை ஒதுக்கும்போது அந்தக் கறுப்பு இடுப்புப்பட்டி கையில் அகப்பட்டது. முகர்ந்து பார்த்தேன். ஊர்காவற்றுறைக் கடலின் உப்பு இன்னும் அதில் இருக்கிறது.

பாரிசவாதம் வந்து நடக்க ஏலாமல் போன அம்மாவைச் சமாதான காலத்தில் கொழும்புக்கு என்னோடு கூட்டிவந்தேன். ஊரில் வள்ளங்கள் கட்டும் ஜெற்றியடிக்கு ஒருக்கா நடந்து போய்வர வேண்டும் என்பதுதான் அவவின் ஓயாத கதை. நானோ அப்போது மெய்நிகர் உலகத்தில் நடப்பதைப் பற்றித்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடும் கனத்த கருவியை மாட்டினால், கதிரையில் இருப்பவரும் தெருவில் நடப்பதாக உணரவேண்டும். எங்கள் ஊர் வீட்டிலிருந்து ஜெற்றி வரையான வழியைக் கணினியில் உருவாக்கி அம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே கழற்றச் சொன்னா.

"தலை சுத்துது பிள்ளை. இது நடக்கிற மாதிரி இல்லை, வள்ளத்தில போற மாதிரி."

உண்மைதான். நடக்கும்போது எங்கள் தலை ஏறி இறங்கும், பக்கத்துக்குப் பக்கம் அசையும். என் காட்சி வழுக்கிக்கொண்டு போனது. அதனால்தான் அசைவை அளக்கும் சின்னப் பெட்டியோடு ஊருக்கு வந்து, இந்தப் பட்டியால் அதை உங்கள் இடுப்பில் கட்டினேன்.

"என்னடி, மாட்டுக்குக் கட்டுற மாதிரிக் கட்டுறாய்?" என்று சிரித்தீர்கள். அம்மாவுக்கு என்றதும் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நடந்தீர்கள். "எப்பவும் நடக்கிற மாதிரி நடங்கோ அண்ணை" என்றேன். திரும்பி வரும்போது அன்று வலையில் கிடைத்த மீன்பாட்டைப் பற்றிக் கதைத்தபடி பட்டியை மறந்துவிட்டீர்கள். அந்த நடையைத்தான் வைத்துக்கொண்டேன்.

அந்த வேலை முடியுமுன் கடலுக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் அனலைதீவுப் பக்கம் ஒதுங்கியது. மாதக்கணக்காய் உங்கள் பதிவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாதான் ஒருநாள், "அந்த நடக்கிற அலுவல் என்னவாச்சு?" என்று கேட்டா.

அந்தக் காட்சியில் உங்கள் நடையைச் சேர்த்து, யாருடையது என்று சொல்லாமல் அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். தெரு அசையத் தொடங்கியது. தெருவோரம் சிலையாய் நிற்கும் மாதா சுருவத்தைத் தாண்டியதும் அம்மாவின் கை கதிரைப் பிடியை விட்டது.

"தம்பி, கொஞ்சம் மெதுவா நட."

ஞாயிற்றுப் பூசைக்குப் போகும் வழியெல்லாம் மகன் உங்களைத் தம்பி என்று பின்னாலிருந்து கூப்பிடும் அதே குரல். ஜெற்றி வரும்வரை அவ கருவியைக் கழற்றவில்லை.

இப்போது பலருடைய நடைகள் எங்களிடம் இருக்கின்றன. உங்கள் இடது கால் சற்றுப் பிந்தி விழுகிறதாம். சீராக்கிவிடலாம் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள்.

ஏலாது என்றுவிட்டேன், அண்ணை. அம்மா ஞாயிறுதோறும் அந்தக் காலோடுதான் ஜெற்றிக்குப் போய் வாறா.