என்னைத் திட்டிய மாட்டுக்காரர்

தியாபாகா, செவ்வாய்.

அன்புள்ள க்ளாரிஸ்,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்குள்ள குர்மான்சேக்காரர்கள் அரசு அலுவலர் என்று என்னை மிகவும் மரியாதையாக நடத்துகிறார்கள்.

நேற்று அடையாள அட்டை வாங்க ஹமா என்ற ஃபுலானி மாட்டுக்காரர் வந்தார். மேசையில் ‘சானு’ என்ற நம் குடும்பப் பெயரைப் பார்த்ததும் கத்தினார்.

“போபோ குடிகாரப் பயலே, எந்திரிடா! என் நாற்காலியில ஒன்ன யாரு உக்காரச் சொன்னது?”

நாம் போபோ, அவர் ஃபுலானி; பாட்டன் காலத்திலிருந்தே மாமன் மச்சான் போலத் திட்டி விளையாடும் இரண்டு இனங்கள். கேலி பேசாமல் விட்டால்தானே அவமரியாதை!

“அட்டை உங்களுக்கா, உங்க மாட்டுக்கா?” என்றேன். வரிசையே சிரித்தது.

அவர் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கு வந்த ஆறு மாதத்தில் என்னைத் திட்டிய முதல் ஆள் அவர்தான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்து கிளம்பப் போகிறது. குழம்பில் நம் ஊர் மணம் வர நாலு சும்பாலா உருண்டை அனுப்பு. பதிலில் நலம் விசாரிக்காதே. நன்றாகத் திட்டி எழுது.

உன்
ஃபீலிக்ஸ்