பொறிவண்டுக் குஞ்சுகள்

புரட்டாசி, வெள்ளி இரவு

காலையில் மகன் செந்தில் மருந்து ஸ்பிரேயரோடு தோட்டத்துக்கு வந்தான். வேலியோரத் தட்டைப்பயிறுச் செடியில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்ததைப் பார்த்துவிட்டான்.

"ஏனுங்கம்மா, பூச்சிக்குச் சோறு போட்டு வளத்தறீங்களா?"

"ஆமா கண்ணு. அதைத் திங்கப் பொறிவண்டு வரோணும்னுதான் அந்தச் செடியையே வெச்சேன்."

"இதென்னுங்க, முதலையாட்ட முள்ளு முள்ளா ஊருது?"

"அதுதான் பொறிவண்டுக் குஞ்சு. நீ பொறந்தப்ப மட்டும் அழகாவா இருந்தே?"

சிரித்தான். ஆனால் ஸ்பிரேயரைக் கீழே வைக்கவில்லை. "நாளைக்குக் காலைல அடிச்சுப்போடறனுங்க" என்றான்.

போன வருடம் நான் பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று இப்படித்தான் அடித்தான். அதன்பிறகு பூசணிக் கொடிக்கு ஒரு தேனீகூட வரவில்லை. பூவெல்லாம் பிஞ்சாகாமல் உதிர்ந்தது. அவனுக்கு அது மறந்துவிட்டது. எனக்கு எந்தக் கொடியில் எத்தனை பூ உதிர்ந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

சாயங்காலம் அவன் குளிக்கப் போனபோது ஸ்பிரேயர் முனையிலிருந்த நாசிலைக் கழற்றினேன். சோப்புப் போட்டுக் கழுவி, என் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கேட்டால் நான்தான் எடுத்தேன் என்பேன். எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டேன். தேடட்டும். அவன் தேடி முடிப்பதற்குள் என் குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிடும்.